கருவிகள் கடந்த பாதை – 9: கப்பலைத் துளைத்தவர்கள்

1812 ஆகஸ்ட் 19 அன்று வட அட்லாண்டிக் கடலில் இரண்டு போர்க்கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, கேப்டன் ஐசக் ஹல் தலைமையிலான அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிடியூஷன். மற்றது பிரிட்டனின் கெரியேர். ஒரு மணி நேரம்கூட நீடிக்காத அந்தப் பீரங்கிச் சண்டையில் கெரியேரின் மூன்று பாய்மரங்களும் சாய்ந்தன. தங்கள் கப்பலின் பக்கவாட்டில் பட்ட குண்டுகள் சில தெறித்துக் கடலில் விழுவதைக் கண்ட அமெரிக்க மாலுமி ஒருவர், இதன் உடம்பு இரும்பால் ஆனது என்று கூவினாராம். ‘ஓல்டு ஐயன்சைட்ஸ்’ என்ற செல்லப்பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அந்தக் கப்பலை அறிகிறார்கள்.

அந்த உடம்பு மரம்தான். வெளியே வெள்ளை ஓக் பலகை, நடுவில் லைவ் ஓக் கட்டைகள், உள்ளே மறுபடியும் வெள்ளை ஓக் பலகை. மூன்றும் சேர்ந்து சுமார் 21 அங்குலக் கனம். புகழெல்லாம் மரத்துக்குப் போனது. மூன்று அடுக்கையும் ஒரே சுவராக இறுக்கிப் பிடித்தவை, அவற்றை ஊடுருவிச் சென்ற ஆயிரக்கணக்கான துளைகளும் அவற்றுக்குள் அடித்து இறக்கிய முளைகளும். ஒரு துளை கோணலானால் அந்த இடத்தில் சுவர் மூன்று தனித்தனிப் பலகைகளாகிவிடும். சென்ற இதழில் ரம்பத்தின் கதையைப் பார்த்தோம். தச்சுக் கருவிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ரம்பத்துக்கும் உளிக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டுத் துரப்பணத்தை ஓரிரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்கத் துரப்பணத்துக்கு.

கப்பலையும் துரப்பணத்தையும் பிரிக்க முடியாது என்பதற்கு ஐரோப்பாவின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று ஹோமரின் ஒடிஸியில் இருக்கிறது. ஐந்தாம் காண்டத்தில் ஒடிசியஸ் தெப்பம் கட்டும்போது, கலிப்ஸோ அவனுக்குக் கோடரியும் வாய்ச்சியும் கொடுத்த பிறகு துரப்பணத்தையும் கொண்டுவந்து தருகிறாள். அவன் மரங்களைத் துளைத்து முளை அடித்துப் பொருத்துகிறான். ஒன்பதாம் காண்டத்தில் ஒற்றைக்கண் அரக்கனின் கண்ணில் கழுமரத்தைச் சுழற்றும் காட்சிக்குக் கவி எடுத்துக்கொள்ளும் உவமை கப்பல்தச்சன். மேலே ஒருவன் துரப்பணத்தை அழுத்திப் பிடித்திருக்க, கீழே இருபுறமும் நிற்பவர்கள் வாரைப் பற்றி மாறி மாறி இழுக்கிறார்கள். பெரிய மரத்தைத் துளைப்பது ஒருவர் வேலை அல்ல என்பது அந்த உவமையைக் கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எல்லாக் கடற்கரையும் முளை அடித்துக் கப்பல் கட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சோழமண்டலக் கரையில் ஓடிய மசூலாப் படகுகளில் ஆணியே கிடையாது. பலகை விளிம்பில் சிறு துளைகள் இட்டுத் தென்னங்கயிற்றால் தைத்துவிடுவார்கள். துறைமுகம் இல்லாத சென்னைக் கரையில் அலை தூக்கி அடிக்கும்போது படகு நெளிந்து கொடுக்க வேண்டும். அதற்குத் தையல்தான் சரி. பீரங்கி சுமக்கும் கப்பலோ நெளியவே கூடாது. அதற்குத்தான் ஆழமான துளை.

வார் இழுக்கும் துரப்பணம் முன்னும் பின்னும் சுழல்வது. ஒரே திசையில் சுழன்று மரத்தைச் சீவி எடுக்கும் கருவி வேறு. அதை இந்தத் தொடரில் கரண்டித் துரப்பணம் என்று அழைப்போம். 1936இல் சுவீடனின் கோட்லாந்து தீவில், மேஸ்டர்மீர் என்ற இடத்தில் நிலத்தை உழும்போது ஏர்முனையில் ஓர் ஓக் பெட்டி சிக்கியது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வைக்கிங் காலக் கைவினைஞர் ஒருவரின் கருவிப் பெட்டி அது. இருநூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. ரம்பம், அரம், சுத்தியலோடு கரண்டித் துரப்பணங்களும் இருந்தன. அதே 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாயோ சித்திரத்துணியிலும் நார்மன் படையெடுப்புக்கான கப்பல்கள் கட்டும் காட்சி உண்டு. அதில் ஒரு தச்சர் துரப்பணத்தின் தலையைத் தன் மார்பால் அழுத்திக்கொண்டு துளையிடுகிறார்.

மூங்கிலை நெடுக்காகப் பிளந்து அதில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட நீண்ட இரும்புக் குழிவுதான் இதன் அலகு. நுனியில் மட்டும் வெட்டும் விளிம்பு. மேலே குறுக்குக் கட்டை கைப்பிடி. தானாக மரத்துக்குள் இறங்காது. முதலில் வளைவு உளியால் சிறு குழி வெட்டி அதில் நுனியைப் பதிக்க வேண்டும். பிறகு உடல் எடை முழுவதையும் கொடுத்துத் திருப்ப வேண்டும். சில சுற்றுகளில் குழிவு மரச்சீவலால் நிரம்பிவிடும். வெளியே இழுத்துத் தட்டிக் கொட்டி மறுபடி உள்ளே விட வேண்டும். இரண்டடி ஆழத்துக்கு எத்தனை முறை இழுத்து எத்தனை முறை விடுவது என்பதை எண்ணிப் பார்த்தாலே தோள் வலிக்கும்.

ஆனால் இந்த முரட்டுக் கருவிக்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. அலகின் நீண்ட நேர்ப்பக்கம், தான் ஏற்கெனவே போட்ட துளையின் சுவரிலேயே சாய்ந்துகொண்டு முன்னேறுகிறது. முதல் சில அங்குலம் நேராக இருந்துவிட்டால் அந்த நேர்மையே அடுத்த அங்குலத்துக்கு வழிகாட்டி. அதைத் திசை திருப்ப நுனியில் வேறு எதுவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூறு ஆண்டுகள் கழித்து ஒரு கண்டுபிடிப்பு வந்தபோது இந்தக் குணத்தின் அருமை தெரிந்தது.

கான்ஸ்டிடியூஷனுக்கு வருவோம். ஜோஷுவா ஹம்ஃப்ரீஸ் வடிவமைத்த இந்தக் கப்பல் பாஸ்டனில் கட்டப்பட்டு 1797 அக்டோபர் 21இல் கடலில் இறங்கியது. இதன் வளைந்த நெடுங்கட்டைகளுக்கு, அதாவது நம் தோணித் தச்சர்கள் வங்கு என்று சொல்லும் பாகத்துக்கு, ஜார்ஜியாவின் செயின்ட் சைமன்ஸ் தீவிலிருந்து லைவ் ஓக் வந்தது. பச்சையாக இருக்கும்போது நீரில் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான மரம். அதை வெட்ட 1794இல் அனுப்பப்பட்ட கப்பல்தச்சர் ஜான் மார்கனும் அவரோடு வடக்கிலிருந்து போன ஆட்களும் சதுப்பு நிலக் காய்ச்சலில் விழுந்தார்கள். தோட்ட முதலாளிகளிடம் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் உழைப்பும் அந்த மரங்களில் இருக்கிறது. ‘இரும்புடல்’ பெருமையைப் பேசும்போது விட்டுவிடக் கூடாத செய்தி இது.

வங்குகளுக்கு இடையே இரண்டு அங்குல இடைவெளிதான் விட்டார்கள். இதனால் சுவர் ஏறக்குறைய திண்ணிய மரமாகிவிட்டது. துளையிடுபவருக்கு இதுவே சோதனை. வெளிப்பலகையைப் பொருத்திய பிறகு வங்கு கண்ணுக்குத் தெரியாது. தெரியாத கட்டையின் நடுவில் துளை புக வேண்டும். ஓரத்தில் புகுந்தால் கட்டை பிளக்கும். இடைவெளியில் விழுந்தால் முளைக்குப் பிடிப்பே இல்லை. அடுத்தடுத்த இரண்டு துளைகள் ஒரே நாரோட்டத்தில் அமைந்தால் பலகை அந்தக் கோட்டிலேயே விரியும். அதனால் மேலும் கீழுமாக மாற்றி மாற்றிக் குறி வைப்பார்கள். பக்கத்தில் நின்று ஒருவர் துரப்பணத் தண்டு இடம் வலமாகச் சாய்கிறதா, மேலே கீழே போகிறதா என்று பார்த்துச் சொல்வார். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கப்பல் பட்டறைகளில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. பலகை பொருத்துபவர் வேறு. இடுக்கில் சணல் திணித்துத் தார் பூசுபவர் வேறு. துளையிட்டு முளை அடிப்பவர் வேறு.

முளை என்றால் மரமுளை. கப்பலின் அளவுக்கேற்ப ஓர் அங்குலத்துக்கும் இரண்டு அங்குலத்துக்கும் இடைப்பட்ட பருமன். ஓக்கில் செய்வார்கள். அமெரிக்காவில் லோகஸ்ட் மரத்துக்கு இந்த வேலையில் தனி மதிப்பு இருந்தது. நன்கு உலர்ந்த முளையைத் துளையைவிட ஒரு சிறிது பருமனாகச் சீவி, பெரிய சம்மட்டியால் அடித்து இறக்குவார்கள். வெளியே நீட்டியதை அறுத்துவிட்டு, முளையின் தலையைப் பிளந்து ஆப்பு வைப்பார்கள். அந்த ஆப்பு பலகையின் நாரோட்டத்துக்குக் குறுக்காகத்தான் இருக்க வேண்டும். நாரோடு வைத்தால் பலகையே பிளக்கும். கடல்நீர் ஏறியதும் முளை உப்பிக்கொண்டு துளையை அடைத்துவிடும். துரு பிடிக்காது, சுற்றியுள்ள மரத்தை அரிக்காது. துளை வளைந்திருந்தாலோ முளை பாதி வழியில் இறுகி நின்று அடிக்க அடிக்க நசுங்கும். அதை வெளியே எடுக்கவும் முடியாது. உள்ளே விட்டுவைக்கவும் முடியாது.

எல்லாவற்றையும் மரமுளையிடம் ஒப்படைக்க முடியாது. கப்பலின் அடிமரமான ஏரா, அதன் மேல் குறுக்கே படியும் வங்கு, அதற்கும் மேலே நெடுக ஓடும் உள் ஏரா, இந்த மூன்றையும் ஒன்றாக்க உலோகக் கம்பி வேண்டும். இன்று நாம் அறிந்த மரை போட்ட போல்ட் அல்ல அது. வெறும் உருளைக் கம்பி. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடித்து ஓட்டி, வெளிவந்த நுனியில் வளையம் கோத்துத் தட்டி விரிப்பார்கள். பெரிய போர்க்கப்பல்களில் இந்தத் துளையின் ஆழம் நான்கடியைத் தாண்டும். துரப்பணம் ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் நான்கடி ஆழத்தில் அது முக்கால் அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். இரண்டு பாகை சாய்ந்தால் ஒன்றரை அங்குலத்துக்கும் மேல். ஏராவின் பக்கவாட்டில் துளை வெளிப்பட்டால் அது கடலுக்குத் திறந்த வாசல்.

அந்தக் கம்பிகள் நெடுங்காலம் இரும்பாகவே இருந்தன. அதை மாற்றியது ஒரு புழு. வெப்பக் கடல்களில் வாழும் கப்பல்புழு மரத்துக்குள் குடைந்து குடைந்து கப்பலைச் சல்லடையாக்கிவிடும். உலகின் மிகத் தேர்ந்த மரத்துளைப்பான் அதுதான். அதைத் தடுக்க 1761இல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் மூடி மேற்கிந்தியக் கடலுக்கு அனுப்பிப் பார்த்தது. 1763இல் திரும்பி வந்ததைச் சோதித்தபோது தகட்டுக்குக் கீழே மரம் நன்றாக இருந்தது. தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகளில் பல கரைந்து கூழாகியிருந்தன. தகட்டுக்கும் ஆணிக்கும் இடையில் பழுப்புத் தாள் நின்ற இடங்களில் மட்டும் ஆணி தப்பியிருந்தது. உப்புநீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி வினையில் இரும்பு அழியும் என்பது இன்று பள்ளிப்பாடம். அன்று அது புதிர். இருந்தும் 1779 முதல் அமெரிக்கப் போரின் நெருக்கடியில் முழுக் கடற்படைக்கும் அவசரமாகச் செப்புத் தகடு போட்டார்கள். கப்பலின் வயிற்றுக்குள் யார் கண்ணுக்கும் தெரியாமல் இரும்புக் கம்பிகள் மெலிந்தன.

அப்படியானால் கம்பியையும் செம்பிலேயே செய்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் துளை மறுபடி குறுக்கே வருகிறது. செம்பு மென்மையானது. நான்கடி நீளச் செப்புக் கம்பியை இறுக்கமான துளைக்குள் சம்மட்டியால் அடித்தால் அது வளையும், தலை நசுங்கும். 1783இல் இங்கிலாந்தில் வெஸ்ட்வுட், காலின்ஸ் ஆகியோரின் முறைகள் காப்புரிமை பெற்றன. பள்ளம் வெட்டிய உருளைகளுக்கு இடையே செம்பைக் குளிர்நிலையிலேயே நெருக்கி இழுத்துக் கடினமாக்கும் வழி அது. செம்புத் தொழிலதிபர் தாமஸ் வில்லியம்ஸ் அந்தக் கம்பிகளைப் பெருமளவில் விற்றார். அமெரிக்கா இந்தத் திறமையைத் தானே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கான்ஸ்டிடியூஷனுக்குச் செப்புக் கம்பிகளும் ஆணிகளும் செய்து கொடுத்தவர் பாஸ்டனின் வெள்ளித்தட்டான் பால் ரிவியர். விடுதலைப் போரில் இரவோடு இரவாகக் குதிரையில் சென்று எச்சரித்தவர் என்று பெயர் பெற்ற அதே ரிவியர்தான். அவருடைய கம்பி எவ்வளவு தரமாக இருந்தாலும் நேரான துளை காத்திருந்தால்தான் அது உள்ளே போகும்.

கான்ஸ்டிடியூஷன் கடலில் இறங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1809இல், கனெக்டிகட்டைச் சேர்ந்த எஸ்ரா லொமெடியூ ஒரு துரப்பணத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் நுனியில் சிறிய திருகு. திருகு மரத்தைக் கவ்விக்கொண்டு அலகைத் தானே உள்ளே இழுக்கும். உடல் எடையைக் கொடுத்து அழுத்த வேண்டியதில்லை. சுருள் வடிவத் தண்டின் வழியே சீவல் தானாக மேலேறி வெளியே வரும். தச்சுத் தொழிலுக்கு இது பெரிய விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே மாநிலத்தின் டீப் ரிவரில் 1855இல் ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் காப்புரிமை பெற்ற இரட்டைச் சுருள் அலகு நூறாண்டுக்கும் மேலாகத் தச்சர்களின் பெட்டியில் இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ரான்சம் குக், மரம் குடையும் வண்டுப்புழுவின் தாடையை உற்றுப் பார்த்து, அதன் வளைந்த வெட்டுவாயைப் போலவே ஓர் அலகை உருவாக்கி 1851இல் காப்புரிமை வாங்கினார். கதவு, மேசை, வண்டிச் சக்கரம், வீட்டு உத்திரம் என எல்லா வேலையும் எளிதாயின.

ஆழமான துளைக்கு மட்டும் இந்தத் திருகுமுனை எதிரியாயிற்று. மரம் ஒரே சீரான பொருள் அல்ல. ஆண்டு வளையத்தில் ஒரு பட்டை மென்மை, அடுத்த பட்டை கடினம். வழியில் முடிச்சு வரும், நார் சாயும். முன்னே செல்லும் திருகு எப்போதும் எளிதான வழியைத்தான் தேடும். மென்மையான பட்டை சாய்ந்திருந்தால் அதுவும் சாயும். பின்னால் வரும் அலகுக்கு அதன் பின்னே போவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று அங்குலத் துளையில் இந்த விலகல் கண்ணுக்கே தெரியாது. முப்பது அங்குலத்தில் கப்பல் கெட்டுவிடும்.

கப்பல்தச்சர்கள் செய்தது என்ன தெரியுமா? சுருளை ஏற்றுக்கொண்டார்கள், திருகைத் தள்ளிவிட்டார்கள். சீவலை வெளியேற்றும் ஒற்றைச் சுருள், நுனியில் திருகே இல்லாத மழுங்கல் முனை. இப்படிப்பட்ட கப்பல் துரப்பணம் தனி வகையாகப் பட்டறைகளிலும் விற்பனைப் பட்டியல்களிலும் நிலைத்தது. திருகுமுனை அலகால் முதல் ஓரிரு அங்குலம் மட்டும் நேராகத் தொடங்கி வைப்பார்கள். பிறகு அதை எடுத்துவிட்டுத் திருகில்லாத நீண்ட அலகை அந்தத் தொடக்கத்துக்குள் விடுவார்கள். அதற்குப் பிறகு அலகுக்கு வழிகாட்டி, போட்ட துளையின் சுவர் மட்டுமே. மேஸ்டர்மீர் பெட்டிக்காரரின் கருவி எந்த விதியால் நேராகப் போனதோ அதே விதி. அழுத்தும் உழைப்பு மறுபடி மனிதர் தோளில் ஏறியது. நேர்மைக்காக அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார்கள். உழைப்பைக் குறைக்கும் கருவி கையில் வந்த பிறகும் எந்த வேலைக்கு அது ஆகாது என்று பிரித்தறிந்த இந்தப் பெயர் தெரியாத தொழிலாளிகளைத்தான் இந்த அத்தியாயத்தின் நாயகர்கள் என்பேன்.

இயந்திரம் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். மரத்தைத் துல்லியமாகத் துளைக்கும் இயந்திரங்கள் அப்போதே இருந்தன. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் மார்க் புரூனல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்து கொடுத்த கப்பிப் பட்டறை, 1800களின் முதல் பத்தாண்டிலேயே ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பிகளைச் செய்தது. அந்த வரிசையில் துளையிடும் இயந்திரமும் உண்டு. ஆனால் கப்பியை இயந்திரத்திடம் கொண்டு போகலாம். கட்டி நிற்கும் கப்பலை எந்த இயந்திரத்திடம் கொண்டு போவது? உடம்பைத் துளைப்பது கைவேலையாகவே நீடித்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கா மறுபடி மரக்கப்பல்களைக் குவித்துக் கட்டியபோது காற்றழுத்தத்தில் ஓடும் துரப்பணங்கள் வந்து தோள்வலியைக் குறைத்தன. அலகு நேராகப் போக வேண்டும் என்ற கவலையை அவையும் தீர்க்கவில்லை.

கான்ஸ்டிடியூஷனின் இன்னொரு சண்டை நம் பக்கத்துக் கதையோடு வந்து சேர்கிறது. 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அது ஜாவா என்ற பிரிட்டிஷ் கப்பலை வீழ்த்தியது. ஜாவா இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. அதில் பயணம் செய்த தளபதி தாமஸ் ஹிஸ்லப் விடுதலையாகிப் பின்னாளில் சென்னைப் படைக்குத் தலைமை ஏற்றார். அதே கப்பலில், பம்பாயில் கட்ட இருந்த புதிய போர்க்கப்பலின் வரைபடங்களும் இருந்தன. அவை கப்பலோடு அழிந்தன. மறுபடி வரைந்து இன்னொரு கப்பலில் அனுப்பினார்கள். ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் பொறுப்பில் மலபார் தேக்கில் உருவான அந்தக் கப்பல் 1817 அக்டோபர் 12இல் கடலில் இறங்கியது. அதன் பெயர் ட்ரிங்கோமலி. நம் திருகோணமலைதான்.

தேக்கு இந்தக் கதைக்கு இன்னொரு வகையில் முக்கியம். ஓக்கில் இருக்கும் டானின் அமிலம் இரும்பை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசை அப்படிச் செய்யாது. ஓக் கப்பலில் துளைக்குள் நடந்த அழிவு தேக்குக் கப்பலில் வெகுவாகக் குறைந்தது. பம்பாயில் கட்டிய கப்பல்கள் நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்றதற்கு மரத்தோடு வாடியா பட்டறையின் கைத்தரமும் காரணம்.

இரண்டு கப்பல்களும் இன்றும் மிதக்கின்றன. ட்ரிங்கோமலி இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் இருக்கிறது. பிரிட்டனில் இன்னும் நீரில் மிதக்கும் போர்க்கப்பல்களில் மிகப் பழையது அது. கான்ஸ்டிடியூஷன் பாஸ்டனில், அமெரிக்கக் கடற்படையின் பணியிலேயே இருக்கிறது. 1992 முதல் 1996 வரை நடந்த பழுதுபார்ப்பில், முதலில் அதற்குள் இருந்து பிறகு நீக்கப்பட்ட சாய்வுத் தாங்குகட்டைகளை மறுபடி பொருத்தினார்கள். மறு ஆண்டு ஜூலை 21 அன்று அது தன் பாய்களாலேயே மீண்டும் கடலில் ஓடியது. அதன் பழுதுபார்ப்புக்கென்றே இண்டியானா மாநிலத்தில் கிரேன் என்ற இடத்தில் வெள்ளை ஓக் மரங்களைக் கடற்படை வளர்த்து வருகிறது.

கப்பல் துளை பலகைக்குக் குறுக்கே போவது. ஒரு முழு மரத்தை அடி முதல் நுனி வரை நெடுக்காகத் துளைத்து, அப்படித் துளைத்த மரங்களை ஒன்றோடொன்று கோத்து, லண்டன் நகரம் முழுக்க இருநூறு ஆண்டுகள் குடிநீர் கொடுத்தார்கள். அடுத்த இதழில் அந்த மரக்குழாய்களின் வரலாறு.

(தொடரும்)